எழிலரசி காத்த பன்னிரண்டு திரைகள்

எழிலரசிக்குப் பயம் கூடவே பிறந்தது. வல்லம் வடகாலில் அவள் தெருக்காரர்கள், "அந்த வூட்ல மூணு பசங்க. எழிலு, அவ தம்பி, எழிலோட பயம்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். பள்ளியில் டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், நன்றாகத் தெரிந்த பதிலும் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். கல்யாணத்தன்று கெட்டிமேளச் சத்தத்துக்குத் திடுக்கிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை முனிரத்தினம் தாலிக் கயிற்றை மறுபடி ஒருதரம் சரிசெய்து முடிச்சுப் போட வேண்டியிருந்தது. அவன் கோபப்படவில்லை. குனிந்து அவள் காதில், "நான் கீறேன், பயப்படாத" என்றான்.

இருபது வருஷம் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் காலத்தை ஓட்டினாள். அவன் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். இவள் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். மகள் நிலா நர்சிங் படிக்க வேலூருக்குப் போனாள். அதற்கப்புறம் முனிரத்தினத்துக்குக் கால் வீங்கியது, முகம் வீங்கியது. சுகரும் பிரஷரும் சேர்ந்து இரண்டு கிட்னியையும் கெடுத்துவிட்டதாக டாக்டர் சொன்னார். இனி வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஆயுசுக்கும்.

அவனுக்கு வேலை போனது. வேலையோடு, ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்கிற இஎஸ்ஐ கார்டும் போனது. அந்தக் கார்டு இல்லாமல் வாரத்துக்கு மூன்று தரம் ரத்தத்தைச் சுத்தம் செய்வதை அவர்கள் நினைத்தும் பார்க்க முடியாது. வீட்டில் யாராவது ஒருவர் இஎஸ்ஐ பிடிக்கிற வேலையில் இருந்தே ஆக வேண்டும். லிஃப்டில் ஏறக்கூட நடுங்குகிற எழிலரசி, நாற்பதாவது வயதில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு கான்டிராக்டர் முன்னால் போய் நின்றாள். அவள் செய்ததிலேயே பெரிய வீரம் அதுதான் என்று முனிரத்தினம் எல்லோரிடமும் சொல்வான்.

கிடைத்த வேலையைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். ஒரகடம் ரோட்டில் மானிட்டர் செய்கிற கம்பெனி அது. ரோட்டைப் பார்த்த மாதிரி ஒரு கண்ணாடிக் கூடம் கட்டி, அதில் பன்னிரண்டு மானிட்டர்களை வரிசையாக வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரை விட்டு ஆள் எழுந்துபோனால் கொஞ்ச நேரத்தில் தானாக ஒரு படம் ஓடுமே, ஸ்கிரீன்சேவர், அதுதான் பன்னிரண்டிலும் ராவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றில் நட்சத்திரங்கள் எதிரே பறந்து வரும். ஒன்றில் குழாய்கள் முளைத்து முளைத்துத் திரையை அடைக்கும். ஒன்றில் பூ விரியும். கோடியில் இருந்ததில் மீன்கள். "தொடங்கிய நாள் முதல் ஒரு நொடியும் நிற்காதவை" என்று வெளியே பெரிய பலகை. வேலையில்லாதபோது ஓடவேண்டிய படத்தை ஓட்டுவதே அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு வேலை. அவை சும்மா இருப்பதை யாரும் கலைக்காமல் பார்த்துக்கொள்வது எழிலரசிக்கு வேலை. படித்தவர்கள் யோசித்தால் இப்படியெல்லாம்தான் தோன்றும்.

ஆனால் ஜனங்களுக்குப் பிடித்திருந்தது. ஷிஃப்ட் முடிந்து போகிற பிள்ளைகள் கண்ணாடிக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுப்பார்கள். சாயங்காலம் சுற்றுவட்டார அம்மாக்கள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிண்ணத்தோடு வந்து, மீனைக் காட்டிக் காட்டிச் சோறு ஊட்டுவார்கள்.

சூப்பர்வைசர் தணிகாசலம் முதல் நாளே சொல்லிவிட்டார். "இன்னாம்மா, நல்லா கேட்டுக்கோ. இது கம்பெனியோட மூஞ்சி. ஒண்ணு கறுப்பாச்சுன்னாலும் மூஞ்சில கரி பூசுனா மாதிரி. அன்னிக்கே நீ வூட்டுக்கு போய்டலாம்."

அந்த வாரமே தூசு தட்டும்போது துணி ஒரு மவுஸ் மேல் பட்டுவிட்டது. நட்சத்திரங்கள் சட்டென்று மறைந்து, வெறும் நீலத்தில் சின்னச் சின்னப் பொம்மைகள் வந்து நின்றன. எழிலரசி என்ன செய்வதென்று தெரியாமல் துடைக்கிற துணியைக் கீழே போட்டுவிட்டு, மானிட்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றாள். கொஞ்ச நேரத்தில் நட்சத்திரங்கள் தாமாகத் திரும்பி வந்தன. மறுநாள் அவள் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் டப்பாக்களைக் கொண்டுவந்து, பன்னிரண்டு மவுஸின் மேலும் கவிழ்த்து மூடிவைத்தாள். தணிகாசலம் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

அப்புறம் அவளுக்குக் கனவிலும் அதே வேலைதான். ஏதாவது ஒரு திரை கறுப்பாகும், கார்டு போகும், முனிரத்தினம் மூச்சுக்குத் தவிப்பான். திடுக்கிட்டு விழித்துப் பக்கத்தில் கையை வைத்து அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள். அவன் தூக்கத்திலேயே அந்தக் கையைத் தட்டிக்கொடுப்பான்.

டயாலிசிஸுக்கு அவன் தனியாகத்தான் போய்வந்தான். வாரத்துக்கு மூன்று நாள் யார் லீவு கொடுப்பார்கள்? ஷேர் ஆட்டோ பிடித்து ஸ்ரீபெரும்புதூர் போய், மதியம் படுத்தால் இருட்டுவதற்குள் வீடு வந்துவிடுவான்.

இதில் இன்னொரு பயத்தைக் கொண்டுவந்து சேர்த்தவள் கங்கம்மாள். கம்பெனி கேன்டீனில் டீ போடுகிறவள், எழிலரசியைவிடப் பத்து வயது மூத்தவள், வாய் சும்மா இருக்காது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் டீ ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு எல்லா லைனும் நிறுத்தறாங்க. கழுவி, தொடச்சி, பொட்டு வெச்சி, ஒரு நாளு தூங்க வெக்கிறாங்க. உன் பன்னண்டுக்கு மட்டும் ஓய்வு கெடையாதா?"

"பொட்டு வெப்போம்க்கா. நிறுத்தக் கூடாதாம்."

"தோ பாரு எழிலு, நான் சொல்லக் கூடாது. எங்க தெருவுல ஒரு லேத் பட்டறை. அவசர ஆர்டருன்னு ஒரு வருசம் பூசைக்குக்கூட நிறுத்தல. பொங்கலுக்குள்ள ஓட்னவன் பொண்டாட்டி போய்ட்டா. நல்லா கல்லு மாதிரி இருந்தவ. ஓய்வு குடுக்காத மிஷினு, அத்த பாத்துக்கிறவங்க வூட்ல ஆளு கேக்கும்."

சொல்லிவிட்டு அவள் அடுத்த டம்ளரை எடுத்துக்கொண்டாள். எழிலரசி பாதி டீயோடு டம்ளரை வைத்துவிட்டாள். அவள் இந்த வேலைக்கு வந்தபின் இரண்டு ஆயுத பூஜை போயிருந்தது. இரண்டிலும் திரைகள் ஓடிக்கொண்டே இருக்கப் பொட்டு மட்டும்தான் வைத்தாள். முதல் பூஜைக்கு அப்புறம் முனிரத்தினத்தின் கையில் ஊசி ஏற்றுகிற நரம்பு அடைத்துக்கொண்டது. இரண்டாவதற்கு அப்புறம் நுரையீரலில் தண்ணீர் கோத்து, ஐசியூவில் கிடந்து பிழைத்தான். இது மூன்றாவது. ராத்திரி முழுக்க அவள் இதையே கூட்டிக் கூட்டிப் பார்த்தாள். அவன் என்னவென்று கேட்டதற்கு, "வயிறு... இல்ல, தலவலி" என்று குழறினாள், அவன் சிரித்துவிட்டான்.

பூஜையன்று காலையிலேயே கம்பெனி வேறு மாதிரி இருந்தது. லைன்கள் நின்றுவிட்டன. கேட்டில் வாழைக்கன்று கட்டி, மாவிலைத் தோரணம் போட்டு, பெரிய ஷெட்டில் பொரியும் கடலையும் குவித்துவைத்திருந்தார்கள். எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். தணிகாசலம் வேட்டியில் வந்து, சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டை எழிலரசி கையில் கொடுத்தார்.

"பொட்டு மட்டும் வையி. சூடம் கீடம் கொளுத்திடாத, புகை பட்டா அலாரம் அடிக்கும். மத்தியானம் பெரிய சாருங்க குடும்பத்தோட வந்து இங்கதான் போட்டோ எடுப்பாங்க. நீ இந்த எடத்த வுட்டு நகரவே கூடாது, புரிதா?"

"சரி சார்."

கதவு மூடியது. கூடத்தில் அவளும் பன்னிரண்டு மானிட்டர்களும். எல்லாம் ரோட்டைப் பார்த்து இருந்ததால் அவள் கண்ணாடிப் பக்கம் வந்து, ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம் இட்டுக் குங்குமம் வைத்தாள். மீன்கள் ஓடிய பன்னிரண்டாவதற்குக் கடைசியாக வைத்தாள். மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. அவளுக்கு அவை மூச்சு வாங்குவது போலத் தெரிந்தது, நுரையீரலில் தண்ணீர் கோத்த அன்றைக்கு முனிரத்தினம் வாங்கினானே, அதே மாதிரி.

ஒரே ஒரு நிமிஷம், என்று நினைத்தாள். கண்ணை மூடிக் கும்பிடுகிற நேரம். யாரும் ரோட்டில் நின்று பார்க்கப்போவதில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுவரில் ஒரே மெயின் சுவிட்ச். பயந்தவள் துணிந்தால் ஒரேயடியாகத் துணிந்துவிடுவாள். போய் அதைக் கீழே தள்ளினாள்.

பன்னிரண்டும் கறுத்தன. அந்தக் கூடத்தில் ஓயாமல் ஒரு இரைச்சல் இருந்தது என்பதே, அது நின்றபிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. தரையில் உட்கார்ந்து நெற்றியைக் குனிந்து வைத்தாள். "தாயே, இதுங்க ஓஞ்சிடுச்சி. இனிமே அவர கேக்காத. அவர வுட்டுடு" என்று வாய்விட்டே சொன்னாள். அழுகை வந்துவிட்டது. நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஆகிவிட்டது. எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள்.

எதுவும் வரவில்லை. உயிரே போய்விட்டது அவளுக்கு. மானிட்டர்தான் புதுசு, மேஜைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர்களெல்லாம் எந்தக் காலத்துப் பெட்டிகளோ. அவை கரகரவென்று முனகி, கறுப்பில் வெள்ளை எழுத்தாக என்னென்னவோ ஓட்டி, அவளுக்கு ஒரு யுகம் கழித்து முதலில் குழாய்கள் வந்தன. பிறகு பூ. பிறகு நட்சத்திரங்கள். ஒவ்வொன்று வரும்போதும் அவள் "அப்பாடா, அப்பாடா" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். பதினொன்று வந்துவிட்டன. மீன் வரவில்லை.

குனிந்து அந்தப் பெட்டியில் காதை வைத்தாள். உள்ளே டிக், டிக் என்று மட்டும் ஏதோ தட்டியது. வருஷக்கணக்கில் நிற்காமல் ஓடினது, நிறுத்தியதும் அப்படியே நின்றுவிட்டது. மெதுவாகத் தட்டினாள். சுவிட்சை அமுக்கினாள். கையெடுத்துக் கும்பிட்டாள். கறுப்பு கறுப்பாகவே இருந்தது, மேலே புதுக் குங்குமப் பொட்டோடு.

கேட்டிலிருந்து சாம்சன் ஓடி வந்தான். மண்ணூர் பையன், செக்யூரிட்டி, எழிலரசியை அக்கா என்பான். "அக்கா! மொத்தமா இருட்டாச்சே, இன்னா ஆச்சி? கரண்டு போவலியே!"

"நான்தான்டா நிறுத்துனேன்" என்றாள்.

அவன் அவள் முகத்தையும் மீன் இருந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "ஐயோ அக்கா. இதுல கைய வெக்கலாமா? சாரு பாத்தா..."

"என் கார்டு போய்டும் சாம்சா. அவரு செத்துடுவாரு."

சாம்சன் ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்தான். பிறகு வெளியே போனான். கேட்டில் கட்டியிருந்த இரண்டு வாழைக்கன்றில் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, மாவிலைத் தோரணத்தை மாலை மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தான். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் கிட்டார் வாசிக்கிற பையன், மீனுக்கு முன்னால் வாழைக்கன்றை நிறுத்தி, இலையை விரித்துவிட்டு, தள்ளி நின்று கோணம் பார்த்தான். "இப்ப பாருக்கா. பூசைக்கு ஜோடிச்சா மாதிரியே கீது. ரோட்லேர்ந்து பாத்தா ஒண்ணும் தெரியாது."

சொல்லி வாய் மூடவில்லை, தணிகாசலம் வந்துவிட்டார். எழிலரசி வாழைக்குப் பக்கத்தில் நகர்ந்து நின்றாள். அவர் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வாழையைப் பார்த்தார்.

"பரவால்லியே, நல்லாதான் ஜோடிச்சிகீற. ஆனா போட்டோ எடுக்கும்போது அத்த எடுத்துடணும், மீனுதான் சாரு பொண்ணுக்குப் புடிக்கும். நீ இங்கயே இரு" என்றார். பூசணிக்காய் உடைக்க நேரமாகிவிட்டதென்று அவசரமாகப் போய்விட்டார். சாம்சனும் கேட்டுக்கு ஓடினான்.

எழிலரசி வாழைக்கு அருகில் தரையில் உட்கார்ந்தாள். எல்லோரும் போட்டோவுக்கு வருகிறவரைதான் இந்த வாழ்வு. அவள் மனசில் பொய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எலி கடித்துவிட்டது. தானாக நின்றுவிட்டது. சாம்சன் சுவிட்சில் இடித்துவிட்டான். கடைசிப் பொய் வந்ததும் தன் மேலேயே அருவருப்பாகி, வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது சாம்சன் மறுபடி ஓடி வந்தான். இந்தமுறை அவன் முகமே சரியில்லை.

"அக்கா, வாக்கா. அண்ணன் கேட்டாண்ட குந்திகினு கீறாரு."

"எந்த அண்ணன்?"

"உன் வூட்டுக்காரர்க்கா!"

அவள் எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. கேட்டுக்கு வெளியே, வெயிலில், நடைபாதைக் கல்லில் முனிரத்தினம் உட்கார்ந்திருந்தான். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. செருப்பில் அடங்காத கால். வாய் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தவன், அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

"நீ நல்லா கீறியா?" என்றான்.

"நீங்க ஏன் இங்க? ஆஸ்பத்திரி போவலியா?"

"ஷேர் ஆட்டோல வந்துகினு இருந்தேன். ஆஸ்பத்திரி போறப்பல்லாம் இங்க ஸ்பீடு பிரேக்கர்ல வண்டி மெதுவா போவும், படத்த பாத்துக்குவேன். படம் ஓடுதுன்னா எழிலு உள்ள நல்லா கீறான்னு நெனச்சிக்குவேன்." மூச்சு வாங்கினான். "இன்னிக்கு பாத்தா மொத்தமா கறுப்பு. உனக்கு கரண்டு கிரண்டு அடிச்சிடுச்சோன்னு... போனு பண்ணேன், நீதான் போன உள்ள எடுத்துகினு போவ மாட்டியே. டிரைவரு தூரமா போய்த்தான் நிறுத்துனான். அங்கேர்ந்து நடந்து வந்தேன்."

எவனைக் காப்பாற்ற அந்தச் சுவிட்சைத் தள்ளினாளோ, அவனை ஆட்டோவிலிருந்து இறக்கி வெயிலில் நடக்கவைத்தது அதே சுவிட்ச். கங்கம்மாள் மேல் வராத கோபம் தன் மேல் வந்தது. அவன் காலை அமுக்கிப் பார்த்தாள். விரல் பட்ட இடம் குழிந்து, அப்படியே நின்றது. அவன் நெஞ்சுக்குள் கொரகொரவென்று கேட்ட சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம். இன்றைக்கு ஊசி ஏறாவிட்டால் அடுத்த முறைக்கு இரண்டு நாள். அதுவரை தாங்காது.

"மணி ஆச்சு, வேற ஆள படுக்க வெச்சிருப்பாங்க. நான் மெதுவா வூட்டுக்குப் போறேன். நீ உள்ள போ. உன்னத் தேடப் போறாங்க" என்றான் முனிரத்தினம்.

உள்ளே ஷெட்டில் மணி அடித்தது. பூஜை முடியப்போகிறது. இப்போது கூடத்தில் அவள் இல்லாமல் வாழை மட்டும் நின்றால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அதற்கும் பயந்தாள், இதற்கும் பயந்தாள். இரண்டு பயத்தில் எது பெரிசு என்று அவள் உடம்புதான் முடிவுசெய்தது. அவன் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினாள்.

"சாம்சா, ஒரு ஆட்டோ நிறுத்து."

"அக்கா, கேட் பாஸு? சாரு கையெழுத்து இல்லாம போனா அப்பால உள்ள வுட மாட்டாங்க."

"ஆட்டோ நிறுத்துடா!"

அந்தக் குரலை சாம்சன் அதற்குமுன் கேட்டதில்லை. ரோட்டின் நடுவிலேயே போய்க் கையை விரித்துக்கொண்டு நின்று, சவாரியில்லாமல் வந்த ஒரு ஆட்டோவை மறித்தான்.

ஸ்ரீபெரும்புதூர் போகிறவரை அவள் அவன் முதுகைத் தன் மேல் சாய்த்துத் தாங்கியிருந்தாள். லாரிகள் இருபுறமும் உறுமின. டிரைவர் ஒவ்வொருமுறை பிரேக் போடும்போதும் முனிரத்தினத்தின் தலை அவள் தோளில் மோதியது. பயத்தில் அவளுக்குப் பல் கிட்டித்துப்போனது. ஆனால் "போப்பா, போப்பா" என்று டிரைவரை விரட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

டயாலிசிஸ் வார்டில் அவன் பேரைக் கூப்பிட்டு அலுத்துப்போய், அடுத்த ஆளை உள்ளே வரச்சொல்லியிருந்தார்கள். எழிலரசி போய்ப் படுக்கைக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். வாழ்க்கையில் யாரையும் எதிர்த்துப் பேசாதவள், "இவருதான் மொதல்ல. எத்தினி பேர வேணும்னாலும் கூப்பிடு, நான் நகர மாட்டேன்" என்றாள். டெக்னீஷியன் பையன் முனிரத்தினம் மூச்சு விடுவதைப் பார்த்தான். வேறு எதுவும் கேட்காமல் ஊசியை எடுத்தான். கார்டு நம்பரைத் தட்டினான். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது.

குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆனபின் முனிரத்தினத்துக்கு மூச்சு அடங்கியது. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். கம்பெனி ஓவர்கோட்டோடு, தலையில் தொப்பியோடு, ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"எழிலு. கேட் பாஸ் வாங்கிகினுதான வந்த?"

"வாங்கிகினேன்."

"சாரு ஒண்ணும் சொல்லலியா?"

"ஒண்ணும் சொல்லல. பொறுமையா இருந்துட்டு வான்னாரு. நீங்க தூங்குங்க."

இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் சொன்ன பொய்களெல்லாம் பாதியிலேயே குழறி, மாட்டிக்கொண்டு, சிரிப்பில் முடிந்தவை. இது குழறவில்லை. ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல், கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சாம்சன் பாஸைப் பற்றிச் சொன்னதைக் காதில் வாங்கியிருந்த முனிரத்தினம் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு ஊசி இல்லாத கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, டெக்னீஷியன் பையன் பார்க்கிறானே என்றும் பாராமல் விம்மி அழுதான்.